மூன்றாம் சங்கு

இருபத்து மூன்று வருஷம் கழித்து
'ரெண்டாஞ் சங்கு' புது ஆல்பம் போட்டிருக்கிறார்கள்.
காலை முதல் டிரிப்பில் தெரிந்தது.
வெலிங்டனில் இறங்கியவருக்குத் தரவேண்டிய பாக்கியை
அருவங்காட்டுக்காரர் கையில் வைத்துவிட்டேன்.
இரண்டு பேரிடமும் திட்டு.

மெட்டல் கேட்கிறேன் என்று சொன்னபோது
ரோடு போடும் கேங்கில் இருந்த அப்பா
எத்தனை லோடு என்று கேட்டார்.
அவருக்கு மெட்டல் என்றால் ஜல்லி.
யோசித்தால், அப்படியொன்றும் தப்பில்லை.

முதல் கேசட் குன்னூர் மழையில் பூஞ்சை பிடித்தது.
பஞ்சில் தைலம் தொட்டு டேப்பைத் துடைத்தேன்.
அதற்கப்புறம் அமல்தாஸ் அலறும்போதெல்லாம்
மூக்கடைப்பு திறந்தது.

மருந்து ஆலையில் முதல் சங்கு எழுப்பும்.
இரண்டாவது ஷிப்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.
மூன்றாவது ஊதினால்
குவார்ட்டர்ஸ் பெண்கள் அடுப்பை அணைக்காமல்
கேட்டுக்கு ஓடுவார்கள்.
ஆல்பத்துக்கு அந்தப் பெயர்.
அட்டையில் படம் இல்லை, கறுப்பு மட்டும்.

ஒர்க்‌ஷாப் ஆல்வின் முதலில் கேட்டான்.
"குரல் ஸ்டெப்னி மாதிரி ஆயிடுச்சு.
ஓடும். நம்பி மலை இறங்க முடியாது."
கோத்தகிரி ஹாலன் இலை மூட்டை ஏற்றிய பிக்கப்பில்
முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு போனான்.
எடை போடும் இடத்தில் வாட்ச்மேன்
பானெட்டைத் திறந்து பார்க்கச் சொன்னாராம்.
பழைய வேகம் இல்லை, விற்றுவிட்டார்கள், வயசாகிவிட்டது,
இதையெல்லாம் நானும்தான் சொன்னேன்.
டிக்கெட் கட்டின் பின்னட்டையில் எழுதினேன்:
பத்துக்கு நான்கு.
அடுத்த டிரிப்பில் அடித்து ஐந்தாக்கினேன்.

நைட் டூட்டி மெஹருன்னிசா
நாலாவது பாட்டோடு நிறுத்திவிட்டாள்.
மூன்று நாள் மேற்கொண்டு கேட்கவில்லை.
ஏன் என்று கேட்டால்
வார்டில் வேலை ஜாஸ்தி என்றாள்.

நாலாவது பாட்டில் ஒரு இடம் வருகிறது.
டிரம்ஸ் போகிறது, பேஸ் போகிறது,
கிட்டார் சோலோ வரவேண்டிய பதினாறு சுற்று
யாரும் வாசிக்கவில்லை.
ரூபன் இருந்தால் வாசித்திருப்பான்.
ரூபன் போய் ஆறு வருஷம், லிவர்.
அந்தப் பள்ளத்தை ஒட்டியே பாட்டு
மெதுவாகப் போய் அந்தப் பக்கம் ஏறுகிறது,
மண் சரிந்த ரோட்டில் பஸ் போகிற மாதிரி.
ஆல்வினுக்கு இது ஏறவேயில்லை.
ஸ்பீக்கர் அவுட் என்று
ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தான்.

வியாழக்கிழமை அருவங்காட்டில் ஏறினார் அமல்தாஸ்.
மஃப்ளர், ஜெராக்ஸ் கவர், நரைத்த குதிரைவால்.
பக்கத்தில் காலிஃபிளவர் மூட்டையோடு ஒரு அம்மா
தள்ளி உட்காரச் சொன்னார், உட்கார்ந்தார்.
ஒரு காலத்தில் இந்த ஆள்
மைக் இல்லாமல் ஒரு மண்டபத்தை அதிரவைத்தவர்.
"ஊட்டி ஒண்ணு" என்றார்.
அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கேத்தி வரைக்கும் அடக்கிக்கொண்டேன்.
அப்புறம் குனிந்து,
"சார், நாலாவது பாட்டு.
அந்த இடத்தை ரூபன் அண்ணனுக்காக விட்டீங்களா?"

ஜன்னல் பனியை விரலால் துடைத்தார்.
"ஸ்டுடியோ மணிக்கு ஆயிரத்து இருநூறு, தம்பி.
காசு தீர்ந்துபோச்சு.
அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டோம்."

பஸ் ஃபர்ஸ்ட் கியரில் முனகியது.
பின்னாலிருந்து யாரோ விசில் அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள்.
லவ்டேல் தாண்டியபின்
அவர் முழங்காலில் விரல்கள் தட்டுவதைப் பார்த்தேன்.
எண்ணினேன். பதினாறு.
திரும்பவும் முதலிலிருந்து பதினாறு.
எனக்காகத் தட்டினாரா, குளிருக்கா, தெரியவில்லை.

சேரிங்கிராஸில் இறங்கும்போது
பாக்கி மூன்று ரூபாய் என்று ஞாபகப்படுத்தினார்.
கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டார்.

ராத்திரி ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆல்வின்
மூன்றாவது தடவையாக ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
சொல்லலாமா என்று யோசித்தேன்.
"ஸ்க்ரூ டிரைவரை எடு" என்றான்.
எடுத்துக் கொடுத்தேன்.